சுடரில் ஒளிர்வது எது என்று கண்டறிவது எப்படி?

சூடான பொருள் ஏன் ஒளிர்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: சூடு ஏற ஏற முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெண்மை, கடைசியில் நீலம். இந்த வரி பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குச் சரியாகப் பொருந்தும். மெழுகுவர்த்திச் சுடருக்குப் பாதி மட்டுமே பொருந்தும். எரிவாயு அடுப்பின் நீலச் சுடருக்குச் சற்றும் பொருந்தாது. ஆகவே நிறத்தைக் கொண்டு வெப்பநிலையை மதிப்பிட முனைவதற்கு முன், அங்கே ஒளிர்வது எது என்று கேட்டாக வேண்டும். அது திடத் துகளாக இருக்கலாம், தனித்து அலையும் அணுவாக இருக்கலாம், எரிதலின் நடுவே பிறந்து உடனே மறையும் மூலக்கூறுத் துண்டாகவும் இருக்கலாம். இம்மூன்றும் ஒளிரும் விதம் வெவ்வேறு. ஒரே சுடருக்குள் மூன்றும் அருகருகே இருக்கவும் கூடும். அவற்றை எளிய பொருள்களைக் கொண்டு பிரித்தறியும் முறையையும், ஒவ்வொன்றும் ஒளிர்வதற்கான காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தேவையானவை: ஒரு மெழுகுவர்த்தி, நீலச் சுடர் தரும் எரிவாயு அடுப்பு, கனமான இரும்பு ஆணி ஒன்று, அதைப் பிடிக்கக் குறடு, பழைய உலோகக் கரண்டி, மெல்லிய இரும்புக் கம்பி, சிறிது சமையல் உப்பு, வேண்டாத ஒரு குறுந்தகடு. அறையை நன்றாக இருட்டாக்க வசதி இருக்க வேண்டும். நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். செயற்கை இழை ஆடைகளைத் தவிர்த்துவிடுங்கள். அருகில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சிறுவர்கள் இவற்றைச் செய்வதானால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம்.

ஆணியிலிருந்து தொடங்குங்கள்

முதலில் திடப்பொருளின் ஒளியைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். அறையை இருட்டாக்கிச் சில நிமிடங்கள் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு, ஆணியைக் குறட்டால் பிடித்து அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிரத் தொடங்கியதும் சுடரை அணைத்துவிட்டு, ஆணியை மட்டும் பாருங்கள். ஆரஞ்சு நிறம் செம்மையாகி, செம்மை கருஞ்சிவப்பாகி, முனையிலிருந்து உட்புறமாக மங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஆணி இருட்டோடு கலந்துவிடும். உடனே அதை ஒரு காகிதத் துண்டில் தொடுங்கள். கண்ணுக்கு அணைந்துபோன அந்த ஆணி காகிதத்தைக் கருக்கிவிடும், ஏனெனில் காகிதம் தீப்பற்றச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் போதும், ஆனால் இரும்பு கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டியாக வேண்டும்.

இந்த எல்லை இரும்புக்கு மட்டும் உரியதன்று. வெவ்வேறு பொருள்களைச் சூடாக்கினாலும் அவை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் சிவக்கத் தொடங்குகின்றன என்பதை 1792இல் தாமஸ் வெட்ஜ்வுட் கவனித்தார். 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் அந்த எல்லையைச் சுமார் 525 டிகிரி செல்சியஸ் என்று வரையறுத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. முழு இருட்டில் நெடுநேரம் பழகிய கண்ணுக்கு அதற்கும் கீழேயே ஒரு மங்கலான ஒளி தென்படும். ஆனால் அது சிவப்பாகத் தெரியாது, நிறமற்ற சாம்பல் ஒளியாகவே தெரியும்; மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண்ணின் உணர்செல்களுக்கு நிறம் பிரித்தறியும் ஆற்றல் இல்லாததே காரணம்.

ஆணி இருட்டானபோது அது ஒளி தருவதை நிறுத்திவிடவில்லை. எந்தப் பொருளும், பனிக்கட்டி உட்பட, எப்போதும் கதிர்வீசிக்கொண்டேதான் இருக்கிறது. பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் மின்னூட்டம் கொண்டவை. வெப்பம் என்பது அவற்றின் ஓயாத ஒழுங்கற்ற அசைவு. மின்னூட்டம் வேகம் மாறி அசையும்போது மின்காந்த அலை வெளிப்படும். எனவே வெப்பநிலை உள்ளவரை கதிர்வீச்சும் உண்டு. வேறுபடுவது அதன் அளவும் அலைநீளமும்தான். கதிர்வீச்சு எந்த அலைநீளத்தில் உச்சம் அடைகிறது என்பதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: 2898 என்ற எண்ணைக் கெல்வின் அளவிலான (செல்சியஸோடு 273ஐக் கூட்டிய) வெப்பநிலையால் வகுத்தால் விடை மைக்ரோமீட்டரில் கிடைக்கும். 310 கெல்வினில் இருக்கும் மனித உடலுக்கு இது ஏறத்தாழ 9.3 மைக்ரோமீட்டர். சூரியனின் மேற்பரப்பு 5772 கெல்வின் என்பதால், அதன் உச்சம் சுமார் 0.5 மைக்ரோமீட்டரில் விழுகிறது. நம் கண் காண்பது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை மட்டுமே. ஆக, நாம் ஒவ்வொருவரும் இடைவிடாமல் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். அந்த ஒளி கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பில் இருக்கிறது.

அப்படியானால் அறை வெப்பநிலையில் இருக்கும் ஆணி மிகச் சிறிதளவேனும் சிவப்பு ஒளி தர வேண்டாமா? இந்தக் கேள்விதான் 1900ஆம் ஆண்டின் இறுதியில் மேக்ஸ் பிளாங்க்கை இயற்பியலின் புதிய வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திய புதிருக்கு மிக அருகில் இருக்கிறது. பழைய இயற்பியலின்படி கணக்கிட்டால், எந்தச் சூடான பொருளும் குறுகிய அலைநீளங்களில் அளவற்ற ஆற்றலைக் கொட்ட வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. ஆற்றல் பொட்டலம் பொட்டலமாகத்தான் வெளிப்படும் என்றும், அலைநீளம் குறையக் குறையப் பொட்டலம் பெரிதாகும் என்றும் கொண்டால் கணக்கு அளவீட்டோடு பொருந்துகிறது என்று பிளாங்க் காட்டினார். 700 நானோமீட்டர் (0.7 மைக்ரோமீட்டர்) அலைநீளமுள்ள ஆழ்சிவப்பு ஒளியின் ஒரு பொட்டலத்துக்குச் சுமார் 1.77 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அறை வெப்பநிலையில் ஓர் அசைவுக்குச் சராசரியாகக் கிடைக்கும் ஆற்றலோ சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். ஏறக்குறைய எழுபது மடங்கு ஆற்றல் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஒரு சிவப்புப் பொட்டலம் வெளிவரும். அது அவ்வளவு அரிதானது. ஆனால் வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 800 கெல்வினுக்கு உயரும்போது, அந்தச் சிவப்பு ஒளியின் அளவு நூறு கோடி மடங்கின் நூறு கோடி மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. இரும்பு படிப்படியாக ஒளிர்வதாகத் தெரியாமல், ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் திடீரெனச் சிவப்பதாகத் தெரிவதற்கு இந்தச் செங்குத்தான ஏற்றமே காரணம். முதலில் தெரிவது சிவப்பாக இருப்பதும் இதனால்தான்: கண் காணும் நிறங்களில் மிகச் சிறிய பொட்டலம் சிவப்புக்குரியது.

வெப்பம் மேலும் ஏறினால் பச்சையும் நீலமும் சேர்ந்துகொள்ள, கலவை ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்று நகரும். எந்த இடத்திலும் அது பச்சையாகத் தெரியாது. கதிர்வீச்சின் உச்சம் பச்சையில் விழும் வெப்பநிலையில் மற்ற நிறங்களும் ஏராளமாக இருப்பதால் மொத்தம் வெண்மையாகிவிடும். சூரியனே அதற்குச் சான்று. வெப்பத்தால் ஒளிரும் பொருள் நீலச்சாயல் பெற வேண்டுமானால் பத்தாயிரம் கெல்வின் அளவுக்குப் போயாக வேண்டும். விண்மீன்களில் அது நடக்கிறது. திருவாதிரை சுமார் 3500 கெல்வினில் சிவந்து தெரிகிறது. அதே ஓரியன் கூட்டத்தில் இருக்கும் ரைஜல் சுமார் 12,000 கெல்வினில் நீலவெண்மையாகத் தெரிகிறது. தெளிவான இரவொன்றில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது, மேலே சொன்ன கணக்கு முழுவதையும் கண்ணெதிரே விரித்துவிடும்.

நன்றாக உறிஞ்சுவதே நன்றாக ஒளிரும்

ஆணியோடு ஒரு கண்ணாடிக் கோலையும் அதே சுடரில் சூடாக்கிப் பாருங்கள். ஆணி பளிச்சென்று ஒளிரும்போது, ஒளிபுகும் கண்ணாடி அதைவிடத் தெளிவாகவே மங்கலாக இருக்கும். வெளிச்சத்தில் கருமையாகத் தெரியும் பொருள், சூடேறி இருட்டில் வைக்கப்படும்போது அதிகமாக ஒளிரும். ஒளியைத் தன்னுள் ஏற்காத பொருள் ஒளியைத் தருவதிலும் பின்தங்கும். கரிய கோலம் வரைந்த வெண்பீங்கான் துண்டு ஒன்றை உலையில் செஞ்சூடாக்கி வெளியே எடுத்து இருட்டில் பார்த்தால், கரிய கோலம் வெண்பரப்பைவிடப் பிரகாசமாகத் தெரியும்; படம் தலைகீழாக மாறிவிடும்.

இதன் காரணத்தை 1859, 1860 ஆண்டுகளில் குஸ்டாவ் கிர்க்காஃப் தெளிவாக்கினார். எல்லாப் பக்கமும் மூடிய, ஒரே சீரான வெப்பநிலையில் இருக்கும் உலைக்குள் ஒரு பொருள் இருப்பதாகக் கொள்வோம். தான் உமிழ்வதைவிட அதிகமாக அது உறிஞ்சினால், தன்னைச் சுற்றியுள்ளவற்றைவிடத் தானாகவே சூடேறிக்கொண்டே போகும். குறைவாக உறிஞ்சினால் தானாகவே குளிர்ந்துகொண்டே போகும். இரண்டுமே இயற்கையில் நடப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் அலைநீளத்திலும் உறிஞ்சும் திறனும் உமிழும் திறனும் சமமாகத்தான் இருக்க வேண்டும். இதன் விளைவை மட்பாண்டச் சூளையில் வேலை செய்பவர்கள் நேரில் அறிவார்கள்: சூளை முழுவதும் ஒரே வெப்பநிலையை அடைந்ததும், எட்டிப் பார்க்கும் துளை வழியே பார்த்தால் பாண்டங்களின் விளிம்புகளும் அவற்றின் மேலுள்ள பூச்சுகளும் கரைந்து, எல்லாம் ஒரே ஒளிப்பரப்பாகத் தெரியும்.

இந்த விதிக்கு இன்னொரு முகமும் உண்டு, சுடரைப் புரிந்துகொள்ள அதுவே மிக முக்கியமானது. காற்று கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை; எனவே எவ்வளவு சூடேறினாலும், சாதாரணச் சுடரின் வெப்பநிலை வரை, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவதும் இல்லை. சோதித்துப் பார்க்க, அடுப்பின் நீலச் சுடர் கண்ணுக்கு முடிந்துபோகும் இடத்துக்குச் சற்று மேலே மெல்லிய இரும்புக் கம்பியை நீட்டுங்கள். எதுவுமே இல்லாதது போலத் தெரிந்த அந்த இடத்தில் கம்பி சிவந்து ஒளிரும். வெப்பம் அங்கே முன்பே இருந்தது. அதை ஒளியாக மாற்றித் தர ஒரு திடப்பொருள்தான் இல்லாமல் இருந்தது.

மெழுகுவர்த்தியைப் பிரித்துப் பாருங்கள்

இப்போது சுடருக்கு வரலாம். காற்றோட்டமில்லாத அறையில் மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடர் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். அவசரப்படாமல் பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும்: அடியில் கிண்ணம் போன்ற நீலம், திரியைச் சுற்றி இருண்ட ஒரு பகுதி, அதற்கு மேலே ஒளி மிகுந்த மஞ்சள், எல்லாவற்றையும் சுற்றிக் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மெல்லிய வெளிப்போர்வை. இருண்ட பகுதியில் எரியாத மெழுகின் ஆவி இருக்கிறது. உண்மையில் எரிவது உருகிய மெழுகு அன்று, திரி வழியே ஏறி ஆவியான மெழுகே. சுடரை ஊதி அணைத்த உடனே எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், தீ அந்தப் புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்வதைக் காணலாம். அந்த வெண்புகை குளிர்ந்து துளிகளான மெழுகாவி.

மஞ்சள் பகுதியில் ஒளிர்வது எது? குளிர்ந்த கரண்டியின் அடிப்பக்கத்தை மஞ்சள் பகுதியின் நடுவில் ஒரு நொடி காட்டி எடுங்கள். அதில் அடர்த்தியான கரி படிந்திருக்கும். பிறகு கரண்டியைத் துடைத்து, அடுப்பின் நீலச் சுடரில் ஒரு கணம் காட்டுங்கள். இம்முறை கரி படியாது, குளிர்ந்த உலோகத்தில் நீராவிப் படலம் மட்டுமே தோன்றி மறையும். மெழுகின் ஆவி போதிய ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் வெப்பத்தால் சிதைந்து, கார்பன் மிகுந்த நுண்துகள்களாக ஒன்றுசேர்கிறது. ஒரு துகளின் அளவு சில பத்து நானோமீட்டர்தான். ஆனாலும் அது திடப்பொருள், கரியது, ஒளியை எல்லா நிறங்களிலும் நன்றாக உறிஞ்சுவது. எனவே நன்றாக உமிழ்வது. ஏறத்தாழ 1000 முதல் 1400 டிகிரி வரையிலான வெப்பநிலையில் இந்தக் கோடிக்கணக்கான துகள்கள், முன்பு பார்த்த ஆணி ஒளிர்ந்த அதே காரணத்தால் ஒளிர்கின்றன. சுடரின் உச்சிக்குச் சென்று ஆக்சிஜனைச் சந்திக்கும்போது அவை எரிந்து மறைந்துவிடுவதால், நன்றாக எரியும் மெழுகுவர்த்தி புகைவதில்லை. சுடரின் வெளிச்சம் அதனுள் இருக்கும் திடத் துகள்களிலிருந்து வருகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹம்ப்ரி டேவி கண்டுரைத்தார்.

இதை உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த சோதனை நிழல் சோதனை. வெண்மையான சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் மெழுகுவர்த்தியை வைத்து, எதிர்ப்புறமிருந்து நேரடி வெயிலோ வலுவான கைவிளக்கின் ஒளியோ அதன் மேல் விழச் செய்யுங்கள். சுவரில் விழும் நிழலில், சுடரின் மஞ்சள் பகுதி இருந்த இடம் சாம்பல் நிறமாகத் தெளிவாகத் தெரியும். நீலமான அடிப்பகுதிக்கு அத்தகைய நிழல் இல்லை. சுடருக்கு மேலே நெளியும் கோடுகள் சூடான காற்று ஒளியை வளைப்பதால் உண்டாகுபவை. அவற்றை நிழலென்று எண்ணிவிட வேண்டாம். சுடரிலேயே மிகப் பிரகாசமான பகுதிதான் மிகக் கருமையான நிழலைத் தருகிறது. நன்றாக ஒளிர்வது நன்றாக உறிஞ்சும் என்ற விதியை இதைவிட அழகாகக் காட்டும் காட்சி வேறில்லை.

நீலம் எங்கிருந்து வருகிறது?

எரிவாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்து எரியும் நீலச் சுடரின் வெப்பநிலை, மிகச் சாதகமான நிலையில் கூட, சுமார் 1950 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை அதைவிட அதிகமாக, சுமார் 2500 டிகிரியில் எரிகிறது. அது மஞ்சள்சாயல் கொண்ட வெண்மையாகத்தான் தெரிகிறது. அதைவிடக் குளிர்ந்த சுடர் வெப்பத்தின் காரணமாக நீலமாக ஒளிர முடியாது என்பது இந்த ஓர் ஒப்பீட்டிலேயே விளங்கிவிடும். நீலச் சுடர் மஞ்சள் சுடரைவிடச் சூடாக இருப்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது நீலமாக இருப்பதற்கு அந்தச் சூடு காரணம் அன்று. கரித்துகள் இல்லாமையும், வேறொன்றின் இருப்புமே காரணம்.

அந்த வேறொன்று, எரிதலின் நடுவே பிறக்கும் மூலக்கூறுத் துண்டுகள். எரிபொருள் மூலக்கூறு ஒரே அடியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடுவதில்லை. இடையில் நூற்றுக்கணக்கான படிகள் உள்ளன. ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு, இரண்டு கார்பன்கள் மட்டும் சேர்ந்த துண்டு போன்றவை அந்தப் படிகளில் தோன்றி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மறைகின்றன. வேதிவினையில் வெளிப்படும் ஆற்றலின் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, பிறக்கும்போதே கிளர்ச்சியுற்ற நிலையில் பிறக்கும் துண்டுகள் சில உண்டு. அவை அந்த ஆற்றலை ஒளியாக விட்டுவிட்டு அடங்குகின்றன. கார்பன்–ஹைட்ரஜன் துண்டு 431 நானோமீட்டர் அருகே ஊதாநீல ஒளியையும், இரட்டைக் கார்பன் துண்டு 473, 516 நானோமீட்டர் அருகே நீலத்தையும் பச்சையையும் தருகின்றன. இரட்டைக் கார்பன் தரும் பட்டைகளை 1850களில் ஆராய்ந்த வில்லியம் ஸ்வானின் பெயர் அவற்றுக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. இந்த ஒளி வேதிவினையின் நேரடி விளைவு. அதன் நிறம் எந்த மூலக்கூறு ஒளிர்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு சூடு என்பதைச் சொல்லாது.

கார்பனே இல்லாத எரிபொருளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தூய ஹைட்ரஜன் சுடர் மிகச் சூடானது, ஆனால் பகலில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. அது தரும் கதிர்வீச்சின் பெரும்பகுதி புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும் அடங்கிவிடுகிறது. மெத்தனால் எரியும்போதும் கரித்துகள் உருவாவதில்லை என்பதால் அதன் சுடரும் பகல் வெளிச்சத்தில் தெரிவதில்லை. எரிகிறதா இல்லையா என்று தெரியாமல் மேலும் ஊற்றப்போய்ப் பலர் கடுமையாகக் காயப்பட்டிருக்கிறார்கள். இக்கட்டுரையின் எந்தச் சோதனைக்கும் மெத்தனாலோ வேறு எரிசாராயமோ பயன்படுத்த வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

உப்பும் குறுந்தகடும்

மூன்றாவது வகை, தனி அணுவின் ஒளி. கம்பியின் நுனியை ஈரமாக்கி உப்பில் தோய்த்து நீலச் சுடரின் ஓரத்தில் பிடியுங்கள். சுடர் சட்டென்று அடர்ந்த மஞ்சளாகும். இது மெழுகுவர்த்தியின் மஞ்சள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் பிறப்பிடம் வேறு. உப்பிலுள்ள சோடியம் சுடரில் தனித்த அணுக்களாகப் பிரிகிறது. சுடரின் சூட்டில் மூலக்கூறுகள் மோதும்போது அதன் வெளிப்புற எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறி, பிறகு இறங்கும்போது 589.0, 589.6 நானோமீட்டர் என்ற இரு அலைநீளங்களில் மட்டும் ஒளி தருகிறது.

திடப்பொருள் எல்லா நிறங்களையும் தருவதும் தனி அணு குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் தருவதும் ஏன்? தனியாக மீட்டப்படும் கம்பி தனக்கென்று ஒரு சுரத்தைத்தான் தரும். எண்ணற்ற கம்பிகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்து அசைத்தால், ஒவ்வொன்றும் அடுத்ததை இழுக்க, தனிச் சுரங்கள் கலைந்து எல்லா அதிர்வெண்களும் கலந்த ஓசைதான் எழும். வாயுவில் அணுக்கள் தொலைவில் இருப்பதால் அவற்றின் ஆற்றல் படிகள் தெளிவாகத் தனித்து நிற்கின்றன. திடப்பொருளில் அவை நெருங்கி நிற்பதால் படிகள் ஒன்றோடொன்று கலந்து அகன்ற பட்டைகளாகிவிடுகின்றன. எந்த நிறத்திலும் ஒளி தர அங்கே வழி இருக்கிறது.

இரு மஞ்சள்களையும் பிரித்துக் காட்டக் குறுந்தகடு உதவும். பதிவு செய்யக்கூடிய குறுந்தகடாக இருந்தால், அதன் மேற்புறத்தில் கீறல் போட்டு, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி இழுத்தால் உலோகப் படலம் உரிந்து வந்துவிடும். ஒளிபுகும் தகட்டின் விளிம்புப் பகுதியில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்; வெட்டிய முனைகள் கூர்மையானவை, ஓரங்களில் நாடா ஒட்டிவிடுங்கள். அதில் ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஓடும் தடங்கள்தான் ஒளியை நிறம் பிரிக்கின்றன. அடுத்து, ஒரு கெட்டி அட்டையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நேரான பிளவு ஒன்று செய்து, சுடருக்கு முன்னால், தீப்பற்றாத தொலைவில் செங்குத்தாக நிறுத்துங்கள். தகட்டுத் துண்டைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, தடங்களின் வளைவு பிளவுக்கு இணையாக இருக்கும்படி திருப்பி, பிளவை நேராகப் பாருங்கள். பிளவுக்கு இருபுறமும் சுமார் 20 பாகை தள்ளி நிறமாலை தெரியும். தெரியவில்லையென்றால் துண்டை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தவறு பெரும்பாலும் தடங்களின் திசையில்தான் இருக்கும்.

மெழுகுவர்த்தியின் மஞ்சள் பகுதி, சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளியே இல்லாத பட்டையாகத் தெரியும். உப்பிட்ட சுடர் ஒற்றை மஞ்சள் கோடாகத் தெரியும். இந்த எளிய கருவியில் சோடியத்தின் இரு அலைநீளங்களும் ஒன்றாகவே தெரியும். அவை அவ்வளவு நெருக்கம். அடுப்பின் நீலச் சுடர் மிக மங்கலானது. நன்றாக இருட்டிய அறையில், பொறுமையாகப் பார்த்தால் நீலத்திலும் பச்சையிலும் தனித்தனிப் பட்டைகள் புலப்படும். இக்கருவியைக் கொண்டு எக்காரணத்தாலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இதே முறையைச் செம்மைப்படுத்தித்தான் ராபர்ட் புன்சனும் கிர்க்காஃபும் சீசியத்தை 1860இலும் ரூபிடியத்தை 1861இலும் கண்டுபிடித்தார்கள்: எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத கோடுகள் தெரிந்தன, ஆகவே அங்கே புதிய தனிமம் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

சோடியம் எங்கும் நிறைந்திருப்பதால் அது உங்களை ஏமாற்றக்கூடும். விரலால் தொட்ட கம்பி, அருகில் பறந்த தூசி, பாத்திரத்திலிருந்து பொங்கி வழிந்த நீர் ஆகிய எதுவும் நீலச் சுடரில் மஞ்சள் பொறிகளை எழுப்பும். முன்பு கண்ணாடிக் கோலைச் சூடாக்கியபோது சுடர் மஞ்சளானதையும் கவனித்திருப்பீர்கள். கண்ணாடியிலுள்ள சோடியம்தான் அதற்குக் காரணம். சுடரில் கண்ணாடி வேலை செய்பவர்கள் அணியும் டிடிமியம் கண்ணாடி, சரியாக 589 நானோமீட்டர் அருகிலுள்ள ஒளியை மட்டும் விழுங்கிக்கொள்வதால், மஞ்சள் கூச்சம் மறைந்து உள்ளேயிருக்கும் கண்ணாடியின் உண்மையான செஞ்சூடு அவர்களுக்குத் தெரிகிறது. சுடரைக் கைபேசியில் படமெடுத்து நிறத்தை ஒப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: கைபேசி தானாகவே நிறச் சமநிலையை மாற்றிவிடும், ஆகவே அந்த அமைப்பை நிலையாகப் பூட்டிவிட்டுப் படமெடுங்கள்.

கண்டவற்றை ஒருசேரப் பயன்படுத்திய விளக்கு

இதுவரை கண்டவற்றின் அருமையான பயன்பாடு, 1885இல் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கிய மேண்டில். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் ஒளி மங்கிய நீலச் சுடரைச் சுற்றி ஒரு வலைப்பை தொங்குகிறது. பின்னாளில் நிலைபெற்ற கலவையில் அது ஏறத்தாழ 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்டது. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்பில் மோசமாக உமிழ்வது. அதனால் அது வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்காமல் சுடரின் சூட்டுக்கு மிக அருகில் வரை ஏறிவிடுகிறது. சிறிதளவு சேர்ந்த சீரியம், கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவது, ஆகவே உமிழ்வது. இரண்டும் சேர, அதே வெப்பநிலையிலுள்ள கரித்துண்டு தரக்கூடியதைவிட வெண்மையான ஒளி கிடைக்கிறது. தோரியம் கதிரியக்கம் உடையது என்பதால் இன்று பல தயாரிப்புகளில் வேறு ஆக்சைடுகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. பழைய மேண்டிலின் பொடியை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைக் கொண்டு வெப்பநிலையை மதிப்பிடுதல்

ஒளிர்வது திடப்பொருள்தான் என்றும், அதன் நிறமாலை இடைவெளியற்றது என்றும் உறுதியான பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். மங்கிய அறையில் இரும்பு ஏறத்தாழ 550 டிகிரியில் கருஞ்சிவப்பாகவும், 750 முதல் 800 வரை செம்மையாகவும், 950 டிகிரியில் ஆரஞ்சாகவும், 1100 டிகிரியில் மஞ்சளாகவும், 1300 டிகிரிக்கு மேல் வெண்மையாகவும் தெரியும். அறையின் வெளிச்சம் கூடினால் இந்த மதிப்பீடு நூறு டிகிரி வரை கூடத் தவறலாம், ஏனெனில் வெயிலில் ஆரஞ்சுச் சூடும் சிவப்பாகத் தெரியும். கொல்லர்கள் நிழலான இடத்தில் உலையை அமைப்பதற்கு இது ஒரு காரணம்.

துல்லியம் தேவைப்படுபவர்கள் ஒப்பீட்டை நாடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த இழை மறையும் ஒளிவழி வெப்பமானியில், உலையின் பிம்பத்துக்கு முன்னால் சிறு மின்விளக்கின் இழை ஒன்று தெரியும். ஒரு சிவப்பு வடிகட்டி வழியே பார்த்தபடி மின்னோட்டத்தைக் கூட்டுகிறார்கள். இழை குளிர்ந்திருந்தால் கரிய கோடாகவும், அதிகச் சூடாக இருந்தால் ஒளிரும் கோடாகவும் தெரியும்; சரியான இடத்தில் அது பின்னணியோடு கரைந்து காணாமல் போகும். அந்த மின்னோட்டத்தின் அளவே வெப்பநிலையைத் தருகிறது. ஆனால் அந்த எண்ணை அப்படியே ஏற்கக் கூடாது: கரி, துருப்படலம் மூடிய இரும்பு போன்றவை நன்றாக உமிழ்பவை என்பதால் அவற்றுக்குத் திருத்தம் சிறிது, மெருகேற்றிய உலோகப் பரப்பு குறைவாக உமிழ்வதால், கருவி உண்மையைவிடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க எளிய வழி, பொருளின் பரப்பைப் பாராமல் உலைச் சுவரிலுள்ள சிறு துளையைப் பார்ப்பது. உள்ளே பலமுறை பட்டுத் தெறித்து வெளிவரும் ஒளி, உள்ளிருக்கும் பொருள் எதுவானாலும், உலையின் வெப்பநிலை ஒன்றையே சார்ந்திருக்கும்.